ஐந்நூறு கிலோவுக்கு மேல்

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்தெரு.
தொண்ணூற்று மூன்று, ஆகஸ்ட்.
கார்கோ கிடங்கில் எடை போடுகிறவன் நான்.
மின்விசிறி தராசைப் பார்த்தபடி சுற்றும்,
என் பக்கம் திரும்பாது.

வெள்ளிக்கிழமை இலியூஷினுக்கு
வியாழனே வரிசை நிற்கும்.
கலீனாவிடம் பன்னிரண்டு ஃபர் கோட்டுகள்,
நாற்பத்தாறு டிகிரியில்.
சுல்ஃபியாவிடம் செருப்பு,
இடது வலது தனித்தனி மூட்டையாக,
திருடினாலும் உதவாதபடிக்கு.
ரவூஃபிடம் ஒரு பெரிய டிவி.
அஷோத்திடம் வீடியோ டெக்,
பிறகு இன்னும் வீடியோ டெக்.

எல்லார் கையிலும் ஒரே சிவப்பு பாஸ்போர்ட்.
அட்டையில் அரிவாள், சுத்தியல், இருபுறமும் கதிர்.
நாடு செத்து இருபது மாதம்.
செத்தவர் பேரில் இன்னும் சீனி வாங்குகிற
ரேஷன் கார்டு மாதிரி
அது எல்லாக் கவுண்டரிலும் செல்லுபடியானது.

அந்த நாட்டை எனக்குத் தெரியும்.
கடையநல்லூரில், எட்டாம் வகுப்பில்,
என் கணக்கு நோட்டுக்கு அதுதான் அட்டை:
வழவழப்புத் தாள், மண்ணெண்ணெய் வாசம்,
பருத்திக் காட்டில் சிரிக்கும் ஒரு சிறுமி.
இதைச் சொன்னதும் சுல்ஃபியா
மூட்டை கட்டுவதை நிறுத்தினாள்.
“சிரிக்கச் சொன்னார்கள்.
செப்டம்பர் தொடங்கிப் பனி விழும்வரை
பள்ளிக்கூடம் கிடையாது.
ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது கிலோ.”
கையால் தூக்கியே எடை சொல்லிவிடுவாள்.
அன்றுதான் காரணம் தெரிந்தது.

கலீனா சண்டைக்கு வந்தாள்.
அந்தக் காட்டை உழுத டிராக்டர்
கார்கிவில் அவள் அம்மா பூட்டியதாம்.
ஆலையே கொடுத்த வீடு,
வருஷத்துக்கு ஒருமுறை கடற்கரை,
பல் பிடுங்கக் காசு கேட்காத டாக்டர்.
“உன் அம்மாவின் அம்மா?” என்றான் அஷோத்.
முப்பத்துமூன்றில் அந்தக் கிராமத்தில்
தின்ன ஒன்றுமில்லை என்று மட்டும்
பிறகு சொன்னாள்,
ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்தபடி.

அஷோத்துக்கும் ரவூஃபுக்கும் ஊர் பாக்கு.
ஒரே முற்றம், ஒரே குழாய்,
ஐந்து மொழி, திட்டுவதற்கு மட்டும் ரஷ்யன்.
தொண்ணூறு ஜனவரியில் அஷோத்தின் அம்மா
கைப்பையோடு கப்பல் ஏறினாள்.
வீட்டுப் பியானோ என்ன ஆனதென்று
அவன் கேட்கவில்லை,
இவன் சொல்லவில்லை.
வரிசையில் நடுவே கலீனாவை நிறுத்திக்கொள்வார்கள்.

எங்கள் அறையிலும் எட்டுப் பேர்:
பட்டாணி, மலையாளி, வங்காளி,
கண்டிப் பக்கத்துச் சிங்களவர் ஒருவர்.
நீங்கள் சகோதரர்கள் என்று
யாரும் எங்களுக்குப் பாடம் எடுத்ததில்லை.
குளியலறை முறை மட்டும்
கதவில் ஒட்டியிருக்கும்.

முதலாளியின் சட்டம் இது:
ஐந்நூறு கிலோவுக்கு மேல் என்றால்
கிலோ ஐந்து திர்ஹம்.
கீழே என்றால் ஆறு.
நாலு பேரும் மூட்டைகளை ஒன்றாக ஏற்றினார்கள்.
ஐந்நூற்று மூன்று!
கலீனா என் கன்னத்தைக் கிள்ளினாள்.
ரவூஃப் எல்லாருக்கும் சுலைமானி சொன்னான்,
அஷோத்துக்கும் சேர்த்து.

“யார் பேரில் எழுத?” என்றேன்.

ரஷ்யனில் எனக்கு எண்கள் தெரியும்,
தவாய் தெரியும்.
அதற்குப்பின் வந்த எதுவும் தெரியாது.
விமானம் முதலில் இறங்குவது தாஷ்கண்ட்,
ஆகவே சுல்ஃபியா என்றார்கள்.
மற்றவர் கணக்கை இனி அவள்
சுமக்கமாட்டாளாம்.
கலீனாவுக்கு விசா முடிகிறது.
டீ ஆறிப்போனது.
கடைசியில் அஷோத் பேரை எழுதினேன்.
ரவூஃப் படிவத்தைப் படித்தான்.
டிவியைத் தராசிலிருந்து தூக்கித்
தோளில் வைத்துக்கொண்டு
வெயிலுக்குள் போனான்.

நானூற்று எழுபத்தொன்று.

மூன்று பேரும் அந்த எண்ணையே
பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
தெருவில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

செருப்பு வாரைச் சரிசெய்கிறவன்போல் குனிந்து
தராசின் ஓரத்தில் காலை வைத்தேன்.
கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்.

ரசீதில் இருப்பது ஐந்நூற்றொன்று.
அதில் முப்பது கிலோ
கடையநல்லூர்க்காரனின் இடது கால்.